நாடி நாற்பத்திரண்டு

படி ஏறும்போது அவள் பேசமாட்டாள். கண்டி மஹய்யாவவில் றோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நூற்றுப் பதினெட்டுப் படிகள். கீழே கடையில் கேஸ் சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் புறப்படும்போது, "மகள் டியூஷனுக்குப் போயிட்டாளா தங்கச்சி?" என்று கேட்பேன். பதில் வராது. கடைசிப் படியில் நின்று, மூன்று முறை மூச்சை இழுத்து விட்டு, "போயிட்டா சேர், ஏழு மணிக்கே போயிட்டா" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பாள். அதற்குள் நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். நான் அப்போதும் எழுபதாவது படியில் சுவரைப் பிடித்தபடி, ஃபோனில் ஏதோ முக்கியமான செய்தி வந்த மாதிரிப் பாவனை பண்ணிக்கொண்டு நிற்பேன். கையில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு ராத்தல் பாண், அவ்வளவுதான் என் சுமை.

மற்ற ஆட்கள் சிலிண்டரைத் தோளில் வைப்பார்கள். அவள் கயிற்றால் கட்டி, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாக்கை மடித்து வைத்துக்கொள்வாள். தேயிலைக் கொழுந்துக் கூடை கட்டுகிற அதே கட்டு. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழுந்தோடு மலை ஏறி இறங்கி வளர்ந்தவள். கல்யாணம் கட்டி மஹய்யாவவுக்கு வந்தாள். புருஷன் இல்லை. எப்படி இல்லாமல் போனான் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காத எதையும் அவள் சொல்லமாட்டாள். கேஸ், சீமெந்து, மணல், அரிசி மூட்டை, ஒருமுறை கதவு கழற்றிய அலுமாரி என்று எங்கள் வரிசையில் ஏறவேண்டிய எல்லாம் அவள் முதுகில்தான் ஏறின. வாகனம் வராத இடத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால் சீவியமே இல்லை.

அவளுடைய குணத்தை ஒரே வார்த்தையில் சொல் என்றால், சொன்னதைக் கேட்கிறவள் என்பேன். அது நல்ல குணம்தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. சிலிண்டரோடு வந்து வாசலில் நின்றாள். என் மனைவி, "அங்கேயே நில்லு புள்ள, இந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குசினியில் பழைய சிலிண்டரை நகர்த்தப் போனாள். அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பிலிருந்து மனைவியின் தங்கை ஃபோன் எடுத்துவிட்டாள். அக்காவும் தங்கையும் பேசத் தொடங்கினால் உலகம் எரிந்தாலும் தெரியாது. கால்மணி நேரம் கழித்து மனைவி வாசலுக்கு வந்து பார்த்தால், இவள் நிற்கிறாள். கயிறு தலையில், சிலிண்டர் முதுகில், கால் இரண்டும் முன்பு வைத்த இடத்திலேயே.

"ஐயையோ! எறக்கி வச்சிருக்கலாமேடி! கூப்பிட்டிருக்கலாமே!"

"நிக்கச் சொன்னீங்களேம்மா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இவள் முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. அவ்வளவு பாரத்தோடு நின்றவளின் மூச்சு, தூங்குகிறவளின் மூச்சு மாதிரிச் சீராக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

கேஸ் கிடைக்காத அந்தப் பாழாய்ப்போன காலத்தில் இன்னொன்று நடந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் ஒருத்தி, "என் எடத்தப் பாத்துக்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போனவள் வேறெங்கோ சிலிண்டர் கிடைத்து வீட்டுக்கே போய்விட்டாள். இவள் பொழுது சாயும்வரை அந்த வெறும் இடத்தை விடவில்லை. முந்தப் பார்த்தவர்களோடு சண்டை வேறு. சண்டை போட்டு அவளை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. "அவதான் வரமாட்டாளே, விடு" என்று எல்லோரும் சொன்னோம். "பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும், அது இல்லாமல் அவள் கதை விளங்காது. எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் என்கிற கம்பிச்சுருள் வைத்திருந்தார்கள். பாரம் தூக்காதே, உப்பைக் குறை, களைத்தால் படு, கொஞ்சங்கொஞ்சமாக நட என்று சொல்லி அனுப்பினார்கள். இதய நோயாளிக்கு ஒரு வியாதி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அரை டொக்டராக வருவான். நான் முக்கால் டொக்டராக வந்தேன். கொரோனாக் காலத்தில் மகன் வாங்கி அனுப்பிய, விரலில் கவ்வுகிற நாடிக் கருவி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். மீன்காரருக்குப் பார்த்தேன், தபால்காரருக்குப் பார்த்தேன், வீட்டுக்கு வந்த சம்பந்திக்கும் பார்த்தேன். சம்பந்தி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

காலையில் எழும்புமுன் எனக்கு நாடி எண்பத்தெட்டு அடிக்கும். வாவியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். முதல் கிழமை பாதிச் சுற்றுக்கே கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கல்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரி ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், மானம் போயிற்று. ஆனாலும் விடவில்லை. மாதங்கள் போகப் போக எண்பத்தெட்டு எண்பத்துமூன்றாயிற்று, பிறகு எண்பதாயிற்று. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்து வைத்தேன். பரீட்சைப் புள்ளி மாதிரி மனைவிக்குக் காட்டுவேன். "ஆமாங்க, பெரிய சாதனை. அந்த வாளியைக் கொஞ்சம் எடுத்து வைங்க" என்பாள்.

அப்படியொரு நாள், சிலிண்டரை இறக்கிவைத்து முற்றத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளின் விரலிலும் கருவியை மாட்டினேன். நாற்பத்திரண்டு என்று காட்டியது. உதறிவிட்டு மறுபடி மாட்டினேன். நாற்பத்திரண்டு. என் விரலில் மாட்டினேன், எண்பத்தொன்று.

"பெட்டரி போயிட்டுது போல" என்றேன்.

"சரிங்க சேர்" என்றாள்.

பெட்டரி போகவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் சிற்றூழியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கண்டியில் கந்தோருக்கா பஞ்சம், எது என்று கேட்காதீர்கள். கூட்டுவது, கோப்பு எடுத்துக்கொடுப்பது, தேத்தண்ணீர் ஊற்றுவது. ஆனால் நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. விண்ணப்பத்தை நான்தான் கொண்டுவந்து நிரப்பினேன். எட்டாம் வகுப்பு படித்திருந்தாள், அது போதும். வயது நாற்பத்து நாலு. நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குள் மெடிக்கல் பாஸாகி, வேலையில் சேர்ந்துவிடவேண்டும். நேர்முகப் பரீட்சையில் தெரிவாகிவிட்டாள். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் முதன்முதலாக, கேட்காமலே ஒன்று சொன்னாள்.

"இது கெடச்சா மகளை நிப்பாட்டாம படிக்க வைப்பேன் சேர். கெம்பஸ் போகணும் அவ."

மகள் ஏ.எல். கணிதப் பிரிவு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பு. கெட்டிக்காரி. தாயைப் போலவே அளந்துதான் பேசுவாள். தாய் மணல் சுமக்கிற நாட்களில் படியோரத்தில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருப்பாள். அந்தப் பிள்ளையின் படிப்புக்காகத்தான் அவ்வளவு மணலும் ஏறியது.

மெடிக்கலுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் இளம் பொடியன், யாழ்ப்பாணம். மரியாதையான ஆள். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கையைப் பிடித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி பிடித்தார்.

"தலை சுத்திறதோ அம்மா? மயங்கி விழுந்திருக்கிறியளோ?"

"இல்லைங்க."

"என்ன வேலை செய்யிறியள்?"

"கூலி வேலைங்க."

கூலி என்று எழுதினார். என்ன கூலி என்று அவர் கேட்கவில்லை, கேட்காததை இவள் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். எனக்காவது வாய் திறந்து, டொக்டர், இவள் நாளொன்றுக்கு இருபது தடவை மலை ஏறுகிறவள் என்று சொல்லத் தோன்றியதா? தோன்றவில்லை. டொக்டர் நாற்பத்திரண்டு என்று எழுதியதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"நாடி நல்லா மெதுவா இருக்கு. இப்பிடியே ஃபிட் எண்டு எழுத எனக்கு ஏலாது. ஹார்ட் கிளினிக்குக்குக் கடிதம் தாறன். அங்க திகதி பிந்தினா, மூண்டு மாதம் கழிச்சு ஒருக்கா வாங்கோ, நாடி கூடியிருந்தா பாப்பம்."

கிளினிக்கில் கொடுத்த திகதி ஆறு மாதத்துக்குப் பிறகு. அவளுடைய பிறந்தநாளுக்கோ நாலு மாதம்தான் இருந்தது. ஆகவே மிச்சமிருந்தது அந்த மூன்று மாத வழி ஒன்றுதான். வெளியே எங்கேயாவது ஓர் ஈசிஜி எடுத்து, தெரிந்த ஒரு டொக்டரிடம் காட்டியிருக்கலாம். நானே கூட்டிப்போயிருக்கலாம். எனக்கு அந்த யோசனை வரவில்லை. ஏன் வரவேண்டும்? நான்தான் இதயம் தெரிந்தவன் ஆயிற்றே.

அன்றைக்குப் பின்னேரமே அவள் அறைக்குப் போய் வைத்தியம் சொன்னேன். எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, உப்பு வேண்டாம், படுத்தே இரு. கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் கேட்டாள்.

"தூக்கினா என்ன ஆகும் சேர்?"

"நெஞ்சு எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது தங்கச்சி."

அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கவேண்டும். அவள் மூலையிலிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க சேர்" என்றாள். கயிற்றையும் சாக்கையும் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

சொன்னேனே, சொன்னதைக் கேட்கிறவள் என்று. மற்றவர்களானால் நாலு நாள் படுப்பார்கள், ஐந்தாம் நாள் அடுப்படிக்கு வருவார்கள், பத்தாம் நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் படுத்தாள் என்றால் படுத்தாள். குழாயடிக்குப் போவதில்லை. மகள்தான் தண்ணீர் எடுத்தாள், மகள்தான் சமைத்தாள், மகள்தான் டியூஷனை நிறுத்தினாள். என் மனைவி சோறு கொடுத்தனுப்பினாள். தெல்தோட்டையிலிருந்து அவளுடைய அக்கா அரிசி கொண்டுவந்தாள். எங்கள் கேஸை வேறொரு பொடியன் மூன்று இடத்தில் இறக்கிவைத்து, ஏசிக்கொண்டே கொண்டுவந்தான்.

ஞாயிறுதோறும் நான் கருவியோடு போவேன். இரண்டாம் கிழமை நாற்பத்தைந்து. ஒரு மாதத்தில் ஐம்பது. பிறகு ஐம்பத்தாறு. நாட்காட்டித் தாளில் என் கணக்குக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு வரிசை போட்டேன். நடந்து நடந்து என் நாடி இறங்குகிறது, சந்தோஷம். படுத்துப் படுத்து அவள் நாடி ஏறுகிறது, அதற்கும் சந்தோஷம். இரண்டு வரிசையும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தன. ஒன்றையொன்று பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வரவேண்டாமா? மடையன். முப்பத்திரண்டு வருஷம் கந்தோரில் கோப்பு பார்த்தவன்.

"பாத்தியா தங்கச்சி, ஏறுது!" என்பேன்.

"ஏறுதுங்களா சேர்" என்பாள். குரலில் காற்றுக் குறைந்திருந்தது. கெண்டைக்காலில் கயிறு முறுக்கின மாதிரி நின்ற தசை தொய்ந்துபோயிருந்தது. பானையை நகர்த்த எழும்பினால் சுவரைப் பிடித்தாள். அதையும் நான் நோயின் கணக்கில்தான் போட்டேன்.

எங்களைப் போன்ற நெஞ்சு நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் வயிறு தள்ளினவர்கள், கதிரையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்குவோம். பழகினவர்களை மிஷின் சைக்கிளிலும் ஏற்றுவார்கள். பிசியோ மிஸ், பக்கத்துக் கெலிஓயா ஊர்ப் பிள்ளை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்கிற பேச்சில் எங்களை விரட்டுவாள். ஒருநாள் என்னைச் சைக்கிளில் ஏற்றி, மிதிக்குமுன் நாடியைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், அங்கிள்! எழுபத்தஞ்சுக்கு வந்துட்டீங்க" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இது எதுக்கு மிஸ் கொறையுது?" என்று, தெரிந்துகொண்டே கேட்கிற ஆள் மாதிரிக் கேட்டேன். உண்மையில் தெரியாது.

"ஹார்ட்டும் ஒரு சதைதானே அங்கிள். வேலை குடுக்கக் குடுக்க அதுக்குப் பலம் வரும். பலம் வந்தா ஒரே அடியில நெறைய ரத்தத்தத் தள்ளிரும். அப்ப சும்மா இருக்கிற நேரம் அடிக்கடி அடிக்கத் தேவல்ல. ஓட்டக்காரங்களுக்கெல்லாம் நாப்பதுதான் ஈக்கும்."

"நாப்பதா?"

"எங்கட வாப்பா கெலிஓயாவில மூட்டை தூக்கினவர். அவருக்கு நாப்பத்தஞ்சுக்கு மேல நான் கண்டதில்ல. ஒருக்கா டொக்டர்மார் பயந்து எல்லா டெஸ்டும் செஞ்சாங்க. ஒண்ணுமில்ல. நல்லா வேலை செஞ்ச ஹார்ட்டுக்கு அவசரம் ஈக்காது அங்கிள். பொறகு அவர் கால் ஒடஞ்சு ரெண்டு மாசம் கட்டில்ல ஈந்தார். நாடி எழுபது. படி ஏற மூச்சு வாங்குது. சேத்தது அவ்வளவும் கரைஞ்சிட்டு."

நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். "என்ன அங்கிள், நெஞ்சு நோவுதா?" என்று அவள் ஓடிவந்தாள். இல்லை மிஸ், களைப்பு என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். சிலிண்டரோடு வாசலில் நின்றவளின் மூச்சு நினைவுக்கு வந்தது. உடம்பும் அவளைப் போலத்தான் இருந்திருக்கிறது. தூக்கு என்றால் தூக்கத் தயாரானது, படு என்றால் படுக்கத் தயாரானது. அந்த உடம்பைப் படுக்கச் சொன்னவன் நான்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் போய், இப்படி ஒருத்தி இருக்கிறாள், இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். "எனக்கு எழுத அதிகாரம் இல்ல அங்கிள், பெரிய டொக்டர்தான் பாத்து எழுதணும். அதுக்கு கிளினிக் திகதி வரணும்" என்றாள். திகதி வரும்போது அவளுக்கு நாற்பத்தைந்து ஆகிவிடும்.

வீட்டுக்கு வரும்போது படிகளில் எட்டு இடத்தில் நின்றேன். மறு மெடிக்கலுக்கு இன்னும் இரண்டு கிழமை. போன ஞாயிறு அவளுக்கு அறுபத்தொன்று. இப்போது போய், தங்கச்சி, உனக்கு ஒரு நோயுமில்லை, எழும்பு என்று சொன்னால் என்ன செய்வாள்? எழும்புவாள். கயிற்றை எடுப்பாள், அன்றைக்கே மணல் சுமப்பாள். நாடி திரும்ப இறங்கினால் டொக்டர் கையெழுத்துப் போடமாட்டார். வேலை போய்விடும். உண்மையையும் சொல்லி, ஆனாலும் படுத்தே இரு என்றும் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள், என்ன சொன்னாலும் கேட்கிறவள்தானே. ஆனால் அப்போது, இரண்டரை மாதம் உன்னைச் சும்மாதான் படுக்கவைத்தேன் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். அதற்கு எனக்கு முகம் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிருங்க. பாவம், செத்துப்போயிருவோம்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கா" என்றாள்.

"ரெண்டு கிழமைதானே. பாஸாகட்டும், பிறகு சொல்றேன்."

"ஒங்க இஷ்டம். எனக்கு இது நல்லாப் படல" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டு ஞாயிறும் நான் அவள் அறைப் பக்கம் போகவில்லை. சளி, காய்ச்சல் என்று பொய் சொல்லியனுப்பினேன். "அசையாம படுக்கச் சொல்லு, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சோற்றுப் பார்சலோடு செய்தியும் போயிற்று.

மெடிக்கல் நாளன்று ஓட்டோவில் ஏறுவதற்கே அவளுக்கு என் மனைவியின் கை வேண்டியிருந்தது. டொக்டர் கையைப் பிடித்தார். அறுபத்தாறு. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"இப்ப நல்லாயிருக்கு அம்மா. ரெஸ்ட் எடுத்தது நல்லதாப் போச்சு."

ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். வேலைக்குத் தகுந்த உடம்பு என்று எழுதிய அந்தத் தாளை வாங்கிக்கொண்டு எழும்பினவள், கதவுவரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நியமனக் கடிதம் வர மூன்று கிழமையாயிற்று. பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முந்திச் சேர்ந்துவிட்டாள். முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒரு கேக் பெட்டியும், அவ்வளவுதான் பாரம். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். படிகளில் வர வெகுநேரம் எடுத்தது. மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். தேத்தண்ணீரை ஊதி ஊதிப் பாதி குடித்தாள்.

"கந்தோர்ல வாளி தூக்கணும் சேர். மூணு மாடி கூட்டணும். நான் தூக்கலாங்களா? எனக்கு என்ன நோவு இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே. அது திரும்ப வருங்களா?"

பயந்துபோய்க் கேட்டாள். அதற்கு மேலும் என்னால் முடியவில்லை.

"உனக்கு ஒரு நோவும் இருக்கல தங்கச்சி" என்றேன். "பாரம் தூக்கித் தூக்கி ஒன் நெஞ்சு பலமா இருந்துச்சு. அதாலதான் மெதுவா அடிச்சுது. எங்க எல்லாரையும் விட நீதான் நல்லா இருந்த. நான்தான் தெரியாம ஒன்னப் படுக்கச் சொல்லிட்டேன். இப்ப கொஞ்சங்கொஞ்சமா நட, தூக்கு. பழையபடி வந்துரும்."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாயிருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"எப்ப தெரிஞ்சுச்சு சேர் ஒங்களுக்கு?"

"மெடிக்கலுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒருமுறை எண்ணி, மறுபடி எண்ணினாள்.

"நீங்க காய்ச்சல்னு சொல்லி வராத ஞாயித்துக்கிழம, அக்கா மாப்பிள்ள வீட்டோட வந்துச்சு சேர். தோட்டத்துப் பொடியன். எனக்கு நெஞ்சு நின்னுட்டா புள்ள தனியாப் போயிருமேன்னு நான்தான் வரச்சொன்னேன். படுத்தபடியே தட்டு மாத்திட்டேன். தைப்பொங்கல் கழிச்சுக் கல்யாணம்."

மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "அப்ப அவ படிப்பு?"

"நிப்பாட்டிட்டேம்மா. அவங்களுக்குப் படிச்ச புள்ள வேணாமாம்."

"இப்பதான் வேலை கெடச்சிருச்சே!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாயிருந்தது. "போய் வேணாம்னு சொல்லு! நான் வர்றேன், நானே பேசுறேன்!"

"வாக்குக் குடுத்துட்டேனே சேர்."

"மகள் என்ன சொன்னா? அவ ஒண்ணும் சொல்லலையா?"

அவள் எழும்பினாள். ஒரு கையால் கதிரையையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

"அவ என்னத்தச் சொல்லப்போறா சேர்" என்றாள். "சொன்னதக் கேக்குற புள்ள."